பழைய ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கைக் கடைக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்

வாசலில் நிறுத்தும் வண்டிக்கு அடியில் ஆயில் கறை விழ ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குள் ஓட்டினால் நாலைந்து சொட்டு. ஏற்காடு போய்வந்தால் மறுநாள் காலையில் தட்டளவு கறை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இன்ஜின் சூட்டில் ஆயில் நன்றாக இளகிவிடுகிறது, இத்துணூண்டு வழி கிடைத்தாலும் வெளியே வந்துவிடும்.

காட்டிய பட்டறையில் கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளே சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். 18,000 ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து இன்ஜினின் அந்தப் பக்கம் முழுவதையும் டீசல் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். 15 நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், ஆயில் ஃபில்டர் உட்காரும் கூடான ஹவுசிங்குக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு கோடு. அது இன்ஜின் பிளாக்கை ஒட்டி இறங்கி கியர்பாக்ஸ் பக்கம் போய்ச் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்தப் பவுடர் வேலையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

என் டீசல் வண்டியில் ஹவுசிங் பிளாஸ்டிக். ஆயில் கூலரும் அதோடு சேர்ந்தே இருக்கிறது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமும் அதன் வழியாக ஓடுகிறது. பத்து வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்துவிட்டால் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் பேக்கிங்கை மட்டும் புதுசாகப் போட்டுப் பயனில்லை. முழுசாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

தப்பு நடந்தது இங்கேதான். போனில் எடுத்த படத்தையும் ஆர்.சி. நகலையும் மட்டும் கொண்டுபோனேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில், படத்தைப் பாதி பார்த்ததுமே "இதேதாங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயிலையும் கூலன்ட்டையும் இறக்கி, எல்லாவற்றையும் கழற்றிய பிறகு புதுசை வைத்துப் பார்க்கிறேன்: கூலன்ட் பைப்பின் வாய் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. திங்கட்கிழமை போய்க் கேட்டால், "கவர் பிரிச்சதை எடுக்க மாட்டோம்." பில்லில் வண்டியின் பெயர் மட்டும்தான் இருந்தது. சேசிஸ் நம்பரை எழுதி வாங்கியிருந்தால் நியாயம் கேட்டிருக்கலாம். 4,200 ரூபாய் போனது இன்னும் வலிக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வேறொரு கடைக்குப் போனேன். பெரியவர் முதலில் கேட்டதே, "பழசு எங்க தம்பி?" கொண்டுபோயிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி மேசையில் வைத்துத் துணியால் துடைத்து, பிளாஸ்டிக்கில் பதிந்திருந்த நம்பரின் கடைசி எழுத்தை விரலால் தடவிக் காட்டினார். அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். நடுவில் மாடல் மாறியபோது பைப்பும் மாறியிருக்கிறது. "கூலருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல வர்ற பேக்கிங் தனியா வரும், அதையும் சேர்த்துச் சொல்லிடட்டா?" என்று அவரே கேட்டார். அதைப் பழசாகவே விட்டிருந்தால் நாளைக்கு ஆயிலும் கூலன்ட்டும் கலந்து பால் டீ மாதிரி ஆகியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து புதன்கிழமை பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

மாட்டுவதில் சிரமம் ஒரே ஒரு போல்ட்தான். ஹவுசிங்குக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மூன்று முறை நழுவிக் கீழே விழுந்தது. சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி, போல்ட் தலையை அதில் ஒட்டவைத்துக் கொண்டுபோனதும் நான்காவது முறை திரெட்டில் உட்கார்ந்தது. அந்த நிமிடம் கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

பேக்கிங் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கோடு விழுந்தால் மறுபடி கசியும். ஆயில் துளைகளில் துணி அடைத்துவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினேன். சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம், பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் வழியை அடைத்துவிடும். எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே திருகி, அப்புறம் எதிரெதிராக இறுக்க வேண்டும். என் வண்டிக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான். ஃபில்டர் மூடிக்கு 25 என்று மூடியிலேயே போட்டிருக்கிறது. அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது செய்யுங்கள், பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

இறக்கிய கூலன்ட்டை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், அது அவற்றுக்கு விஷம். எங்கள் தெருவில் நாலு குட்டிகள் இருக்கின்றன, உடனே கேனில் ஊற்றி மூடிவிட்டேன். புதுசாக ஊற்றும்போது போர்த் தண்ணீர் கலக்க வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மூன்று விநாடியில் அணைந்தது. சனிக்கிழமை ஏற்காடு ஏறினேன். ஏரிக்கரையில் நிறுத்தி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கூலன்ட் மட்டும் விரல்கடை அளவு இறங்கியிருந்தது. உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் அப்படி. இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றிச் சரிசெய்துவிட்டேன்.