அப்புச்சியிடம் மிஞ்சிய "ங்க"

பக்கவாதத்துக்குப் பிறகு எங்கள் அப்புச்சியின் வாயில் பெயர்ச்சொற்கள் அற்றுப்போயின. எதிரே இருக்கும் சொம்பைக் காட்டி "அது... அதுங்க" என்பார், சொம்பு என்ற சொல் மட்டும் வராது. ஆனால் "ஏனுங்க", "ஆமாங்க", "செரிங்க" மூன்றும் பழுதின்றி வரும் (பேரனான என்னிடமும் "ங்க" போட்டுத்தான்). "ஒன்று" என்று எடுத்துக்கொடுத்தால் பத்து வரை தடையின்றி எண்ணிவிடுவார். பழகித் தழும்பேறிய இத்தகைய பேச்சு, பேச்சிழப்பு நோயிலும் பலரிடம் தங்கிவிடுவது மருத்துவர்கள் நன்கறிந்ததே.

1861இல் பாரிசில் மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த பேச்சிழப்பு நோயாளிக்குப் பெரும்பாலும் "டான்" என்ற ஓரசையே மிஞ்சியிருந்தது. அந்த நோயாளி இறந்தபின் அவர் மூளையின் இடப்பக்க முன்மடலில் சிதைவு காணப்பட்டது. சரளமாகப் பேசியும் பிறர் பேச்சின் பொருள் பிடிபடாத நோயாளிகளை 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார்.

சொல் போனதும் சிந்தனையும் போய்விட்டதென்று உறவினர் முடிவுகட்டியிருந்த நாள்களில்தான், கவுந்தப்பாடி அருகே உள்ள எங்கள் மஞ்சள் காட்டில் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பதைக் கண்டு, கோலை ஊன்றியபடி மடையைத் தாமே திருப்பிவிட்டார் அப்புச்சி. கடுமையான பேச்சிழப்புள்ளவர்கள் கணக்குகளைச் சரியாகப் போடுவதை 2005இல் இங்கிலாந்தில் ஆய்வாளர் ரோஸ்மேரி வார்லி குழுவினர் பதிவுசெய்திருக்கிறார்கள். எனக்கு அந்த மடை ஒன்றே போதுமானதாக இருந்தது.

மஞ்சள் விலையை இப்போதும் அவரிடம் சொல்வேன். குறைந்திருந்தால், நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க?" என்பார்.