பேனாக் கோட்டைத் தாண்டிய வலி

எனக்கு 11 வயதில் ஆரம்பித்தது. இடது தொடையின் மேல்பகுதியில் ஒரு பிடிப்பு. விளையாட்டில் சதை பிசகியிருக்கும் என்றார்கள். மறுநாள் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் வலி முழங்காலுக்கு மேலே இறங்கியிருந்தது, ஒரு வாரத்தில் கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நடந்தேன். இப்படி வருஷத்துக்கு நாலைந்து முறை, 28 வயது வரை.

வலி இடம் மாறுகிறது என்று சொன்னால் கேட்கிறவர் முகம் மாறிவிடும். "நேத்து தொடைன்னீங்க, இன்னைக்கு முட்டிங்கிறீங்க?" என்று ஒரு டாக்டர் சிரித்தார். இன்னொருவர் முடக்குவாதமாக இருக்கலாம் என்று பரிசோதித்தார். அதற்கான ரத்தக் குறியீடுகள் எதுவும் இல்லை. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே அளவும் சரியாகவே இருந்தது. "தசையில ஒண்ணுமில்ல. மனசைக் கொஞ்சம் லேசா வச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக் கையைத் தூக்க முடியவில்லை. மனசை லேசாக்கினால் கை தூக்குமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கே புரியாமல் இருந்தது. வலிக்கிற இடத்துக்கு மேலே தோல் சிவந்து, தொட்டால் சுடும். ஓரம் தெளிவில்லாத சிவப்பு. டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்கும்போது அது போயிருக்கும், அல்லது வேறு இடத்தில் இருக்கும். ஒரு தடவை எரிச்சலில், மேல்கையிலிருந்த சிவப்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டி முழங்கை நோக்கி மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. கோட்டுக்குள் தோல் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. வலியும் கூடவே இறங்கியிருந்தது. ஆறு நாள் ஆறு கோடு. தினமும் காலையில் படம் எடுத்தேன்.

அந்த ஆறு படங்கள்தான் என்னைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன. மூட்டுநோய் மருத்துவர் ஒருவர் அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை வந்தா எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார். பதினேழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லோரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

ஏன் கேட்டார் என்பது பிறகு புரிந்தது. பரம்பரையாக வரும் அழற்சிக் காய்ச்சல்கள் பல உண்டு. பலவற்றிலும் மூட்டும் தசையும் நோகும். ஆனால் எத்தனை நாள், எப்படி என்பதில் ஒன்றுக்கொன்று வித்தியாசம். குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான். முழங்கால், கணுக்கால், இடுப்பு என்று ஏதாவது ஒரு பெரிய மூட்டு வீங்கும், வற்றும். எனக்கோ இரண்டு மூன்று வாரம், அதுவும் மூட்டைவிடத் தசை, நடமாடும் சிவப்பு, சில சமயம் கண்ணைச் சுற்றி வீக்கம். "டிராப்ஸ் மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பரம்பரைக் காய்ச்சல்களில் இதுவும் ஒன்று. 1982-இல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் விவரிக்கப்பட்டதால் அயர்லாந்தின் பழைய லத்தீன் பெயரிலேயே இதை அழைத்தார்களாம். எனக்கும் அயர்லாந்துக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. 1999-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் பெயர் மாறியது. எந்த இனத்தவருக்கும் வரலாம்.

அடுத்து அவர் கேட்டது குடும்பத்தைப் பற்றி. அப்பாவுக்கும் இளவயதில் இப்படிக் கை கால் பிடிப்பு வரும். வீட்டில் அதற்கு "வாதம்" என்று பெயர். "சிறுநீரகக் கோளாறு யாருக்காவது?" என்றார். அத்தை. அப்பாவின் அக்கா. டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். அத்தைக்கும் அந்த "வாதம்" உண்டு. இரண்டையும் நாங்கள் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை. அழற்சி வருஷக்கணக்கில் ஓயாமல் இருந்தால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுத்துவிடும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பரிசோதனைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்ச்சல் விட்டபிறகு போய் ரத்தம் கொடுத்தால் அது ஏறக்குறைய சாதாரணமாக இருக்கலாம். நான் பல வருஷம் செய்த தவறு அதுதான். இந்த முறை வலி உச்சத்தில் இருந்த நாளில் ஒரு தடவை, நன்றாக இருந்த நாளில் ஒரு தடவை, அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் யாருக்கும் தெரியும்படி இருந்தது. எம்.ஆர்.ஐ-யில் தசையைச் சுற்றிய உறையிலும் இடைச்சுவர்களிலும் நீர்கோத்திருந்தது. சிபிகே ஏன் ஏறவில்லை என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. வீங்குவது தசை இழை இல்லை, அதைப் போர்த்திய உறை. "தசையில ஒண்ணுமில்ல" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மரபணு அறிக்கை வர வாரங்கள் ஆயின. வந்ததும் குழப்பம். இரண்டு மாற்றங்கள் எழுதியிருந்தன. மத்தியதரைக்கடல் காய்ச்சலோடு தொடர்புள்ள எம்இஎஃப்வி மரபணுவில் ஈ148கியூ என்ற மாற்றம், பலருக்கும் சாதாரணமாக இருப்பது, பொருள் நிச்சயமில்லாதது. இன்னொன்று டிராப்ஸுக்குக் காரணமான டிஎன்எஃப்ஆர்எஸ்எஃப்1ஏ மரபணுவில். முதலாவதை நான் இணையத்தில் தேடிப் படித்து இரண்டு இரவு தூக்கம் கெட்டது வீண். டாக்டர் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு இரண்டாவதை வட்டமிட்டார். அந்த மாற்றத்தால், செல்லின் மேல் இருந்து சமிக்ஞை வாங்கவேண்டிய ஏற்பிப் புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி அழற்சியைக் கிளப்பிவிடுகிறது என்றார்.

மருந்து விஷயம் நேராகப் போகவில்லை. மரபணு முடிவு வருமுன்பே கோல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மத்தியதரைக்கடல் காய்ச்சலில் அது கைகொடுக்கும். எனக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஸ்டீராய்டு போட்ட மறுநாளே கை தூக்க முடிந்தது. ஆனால் அடுத்த தடவை அதே அளவு போதவில்லை, அதற்கடுத்த தடவை இன்னும் கூட்டவேண்டியிருந்தது. முகம் உப்பியது. பிறகு இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் அனகின்ரா ஊசி. தினமும் தோலுக்கடியில் நானே போட்டுக்கொள்வது. முதல் சில வாரம் ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து அரித்தது. புது சிவப்பைப் பார்த்ததும் பழக்கத்தில் பேனாவைத் தேடினேன். இது நகரவில்லை.

வலி நின்ற பிறகும் உடம்பு உடனே திரும்பிவிடவில்லை. பதினேழு வருஷமாக வலிக்குப் பயந்து வலது தோளை இறுக்கியே வைத்திருந்திருக்கிறேன். அதைத் தளர்த்த இயன்முறை சிகிச்சையாளரிடம் ஐந்து மாதம் போனேன். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம், விட்ட மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக என்பது நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகத்தான் பாடுபட்டேன். "இந்த வயசுல எனக்கென்ன, வலியெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு" என்றார். வலி நின்றாலும் உள்ளே அழற்சி ஓடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தையின் பெயரைச் சொன்ன பிறகுதான் சட்டையை எடுத்து மாட்டினார். அவருக்கும் அதே மாற்றம் இருந்தது. சிறுநீரில் புரதம் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேதியை அவரே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.