வாடை போன அப்பறம் தான் ஆள் வந்துச்சு

மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நாங்க நாலு நர்ஸ் சேந்து அறந்தாங்கி பக்கம் கிராமங்களுக்கு போறோம், படுத்த படுக்கையா கிடக்குறவங்கள வீட்டுலயே போய் பாக்குறதுக்கு. சம்பளம் கிடையாது, பெட்ரோல் எங்க காசு, கட்டு போடுற காஸ் துணி, பஞ்சு, க்ளவுஸ் எல்லாம் தெரிஞ்சவங்க வாங்கி தர்றாங்க. ரிட்டயர் ஆன டாக்டர் ஒருத்தர் முதல் தடவ வந்து பாத்து மருந்து எழுதுவாரு, அதுக்கப்பறம் ஏதாச்சும்னா போன்ல கேட்டுக்குவோம். இத பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், போன மாசம் ஒரு வீட்டுல பாத்தது எழுத வச்சிருச்சு.

ஒரு அப்பத்தா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. பெரிய ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அனுப்பும்போது மாத்திரை சீட்டு குடுத்தாங்களே தவிர ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்கணும்னு அந்த மருமகள்கிட்ட ஒருத்தரும் சொல்லல. நாங்க போறப்ப முதுகுக்கு கீழ, உக்காருற எலும்புக்கு மேல, உள்ளங்கை அகலத்துக்கு புண்ணு. திண்ணையில கால் வைக்கும்போதே வாடை வந்துருச்சு. அந்த வீட்டுக்கு சொந்தக்காரங்க யாரும் வர்றதில்ல, வந்தாலும் வாசல்லயே நின்னு "எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு போயிருவாங்க, போற வழியில "மருமக சரியா பாக்கல"ன்னும் சொல்லிட்டு போவாங்க.

அந்த பொண்ணு என்கிட்ட சொன்ன முதல் வார்த்தையே "அக்கா, நான் தினமும் கழுவி தான் விடுறேன், நம்புங்க". எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. நூறு நாள் வேலைக்கு போறத விட்டுட்டு, ராத்திரி தூக்கம் இல்லாம, தனியா ஒரு ஆள தூக்கி திருப்பி பீ மூத்திரம் அள்ளுற பொண்ணு, வந்த நர்ஸ்கிட்ட தன் மேல தப்பு இல்லன்னு முதல்ல சொல்ல வேண்டி இருக்கு பாருங்க.

அன்னிக்கு ரெண்டு மணி நேரம் அங்கயே இருந்தோம். செத்த சதைய கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, உப்பு போட்டு கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில கழுவி, டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரைய நல்லா பொடி பண்ணி புண்ணு மேல தூவி கட்டு போட்டோம். இது பாலியேட்டிவ் கேர்ல, அதாவது பெரிய நோயில கிடக்குறவங்களுக்கு வலியும் கஷ்டமும் கொறைக்குற கவனிப்புல, ரொம்ப காலமா செய்யுற வைத்தியம் தான், காத்து இல்லாத எடத்துல வளர்ற கிருமி தான் அந்த வாடைக்கு காரணம், இந்த மருந்து அதத்தான் அடிக்கும், விலையும் கம்மி. அப்பறம் பழைய நூல் சேலைய நாலா மடிச்சு போட்டு ரெண்டு பேரா இழுத்து எப்படி திருப்பணும், தனியா இருந்தா முட்டிய மடக்கி எப்படி புரட்டணும், முதுகுக்கு தலகாணி எங்க முட்டு குடுக்கணும்னு அந்த பொண்ணையே செய்ய சொல்லி பாத்தோம். மூணாவது தடவ எங்கள விட அவ நல்லா செஞ்சா. நாங்க பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வர்றவங்க, நடுவுல இருக்குற அத்தன நாளும் நர்ஸ் அவ தான.

அடுத்த தடவ போனா வாசல்ல நாலஞ்சு செருப்பு கிடக்கு. எதுவும் ஆயிருச்சோன்னு பதறி உள்ள போனேன், பாத்தா பக்கத்து வீட்டு ஆத்தாவும் நாத்தனாரும் கட்டில் பக்கத்துல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு பேசிட்டு இருக்காங்க, அப்பத்தாவுக்கு வாய் கோணி பேச்சு வராட்டியும் கண்ணு அவங்க பக்கமே இருக்கு. புண்ணு இன்னும் ஆறல, ஆற மாசக்கணக்காகும், ஆறாமயும் போகலாம். ஆனா வாடை போயிருச்சு. வாடை போனதும் ஆள் வந்துருச்சு. பத்து வருஷமா வார்டுல எத்தன புண்ணு கட்டிருக்கேன், இத நான் யோசிச்சதே இல்ல, ஏன்னா வார்டுல யாரும் வெத்தல போட வர்றதில்ல.

இந்த மாதிரி ஊர் ஆளுங்கள சேத்து வீட்டுக்கே போய் பாக்குறத கேரளாவுல பெருசா செஞ்சு காட்டிருக்காங்க. 1993ல கோழிக்கோட்டுல சின்னதா ஒரு க்ளினிக்ல ஆரம்பிச்சு, அப்பறம் மலப்புரம் பக்கம் ஊர் ஊருக்கு தன்னார்வலர்களுக்கு பயிற்சி குடுத்து, 2008ல அரசாங்கமே பாலியேட்டிவ் கேருக்குன்னு கொள்கை போடுற அளவுக்கு வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுல இருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருது, படுக்கையில இருக்குறவங்களுக்கும் நர்ஸ், பிசியோதெரபி எல்லாம் அதுல உண்டு. அது பெரிய விஷயம், நேர்ல பாக்குறேன். ஆனா ஒரு நர்ஸ் எத்தன கிராமம் தான் சுத்த முடியும், அதனால தான் லீவு நாள்ல எங்கள மாதிரி ஆளுங்களும் போகணும்னு நினைக்கிறேன்.

வலி தான் இன்னும் கஷ்டம். கேன்சர் முத்துன ஒரு தாத்தாவுக்கு மார்ஃபின் (அபின்ல இருந்து எடுக்குற வலி மருந்து) மாத்திரை வாங்க அவரு மகன் ரெண்டு பஸ் மாறி போறாரு. 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு அப்பறம் அந்த மாத்திரைய வச்சிருக்கவே ஆஸ்பத்திரிங்க பயந்தாங்க, 2014ல சட்டத்த திருத்தி லேசாக்குனாங்க, ஆனாலும் பக்கத்துல இருக்குற கடையில கிடைக்காது. அத பத்தி தனியா எழுதுறேன்.

பழைய நூல் சேல, வேட்டி துவைச்சு வச்சிருந்தா குடுங்க, பாலியஸ்டர் வேணாம், வேர்வைய உறிஞ்சாது. அறந்தாங்கி பக்கம் நர்சிங் படிச்சிட்டு கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய விட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, மாசம் ஒரு நாள் வந்தா கூட போதும். அந்த பொண்ணு திரும்ப நூறு நாள் வேலைக்கு போக ஆரம்பிச்சிருக்கா, அவ இல்லாத நேரம் பக்கத்து வீட்டு ஆத்தா தான் திருப்பி விடுதாம். இந்த சனிக்கிழமை அந்த ஆத்தாவுக்கு கட்டு மாத்த சொல்லி குடுக்கணும்.