இங்கிலாந்தில் பெண்மான் வேட்டை: உரிமத்திலிருந்து இறைச்சி வரை

மான் வேட்டை என்றதும் பலருக்குக் கொம்பு விரித்து நிற்கும் ஆண்மான்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மந்தையின் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதும் பெருகுவதும் பெண்மான்களைப் பொறுத்தவை. ஓர் ஆண்மான் ஒரே பருவத்தில் பல பெண்மான்களோடு கூடுவதால், ஆண்களில் பாதியைக் குறைத்தாலும் அடுத்த கோடையில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கும். பிரிட்டனில் ஓநாயும் லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதால், மான்களைக் குறைக்கும் வேலை முழுவதும் மனிதர் கைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்திருப்பதை அறிந்து வளர்ந்த எனக்கு, இங்கிலாந்தில் அதே செயல் காட்டைக் காக்கும் பணியாகக் கருதப்படுவதை ஏற்கச் சிறிது காலம் பிடித்தது. என் மனத்தை மாற்றியது ஒரு தனியார் காடு. ஃபாலோ என்னும் இனத்து மான்கள் கூட்டமாக மேய்ந்த அந்தக் காட்டில், மானின் வாய் எட்டும் உயரம்வரை கோடு கிழித்தாற்போல் எல்லா இலைகளும் காணாமல் போயிருந்தன. வெட்டிவிட்டால் மறுபடி தழைக்க வேண்டிய ஹேசல் மரங்களின் அடிக்கட்டைகளில் ஒரு துளிர்கூட மிஞ்சவில்லை. தரையை ஒட்டிய புதர் இல்லாத காட்டில் நைட்டிங்கேல் போன்ற பறவைகளுக்குக் கூடு கட்ட இடமில்லை. அந்தக் காட்டின் உரிமையாளருக்காகப் பல ஆண்டுகளாக மான்களைச் சுட்டுவரும் முதியவர் ஒருவர், முறைப்படி கற்றுக்கொண்டு வந்தால் கூட அழைத்துச் செல்வதாகச் சொன்னார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான அடிப்படைச் சட்டம் 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டம். ஃபாலோ, ரோ, சிவப்பு, சிகா ஆகிய இனங்களின் பெண்மான்களை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மட்டுமே சுடலாம். சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, மறைந்து ஒரு மணி நேரம் கழியும்வரை மட்டுமே சுடலாம். ஆண்டு முழுவதும் குட்டி ஈனும் மன்ட்ஜாக் இனத்துக்கு மட்டும் தடைக்காலம் இல்லை. ஃபாலோ அளவுள்ள மானுக்கு ரைஃபிளின் குழல் விட்டம் குறைந்தது 0.240 அங்குலமாகவும், தோட்டாவின் ஆற்றல் குறைந்தது 1,700 அடி-பவுண்டாகவும் இருக்க வேண்டும். தோட்டா உடலுக்குள் விரியும் வகையாகவும் இருக்க வேண்டும்.

மான் வேட்டைச் சான்றிதழின் முதல் நிலைத் தேர்வைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும், அதில்லாமல் இந்தக் களத்தில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுத்துத் தேர்வு, படம் பார்த்து இனத்தையும் பாலையும் அடையாளம் காணுதல், பாதுகாப்பு, இறைச்சிச் சுகாதாரம், சுடுதல் என அது பல பகுதிகளைக் கொண்டது. சுடும் தேர்வில் 100 மீட்டர் தொலைவில் மூன்று தோட்டாக்களும் நான்கு அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். அதன்பின் மான் உருவப் பலகையின் நெஞ்சுப் பகுதியில் வெவ்வேறு தொலைவுகளிலிருந்தும் நிலைகளிலிருந்தும் சுட்டுக்காட்ட வேண்டும். துப்பாக்கி உரிமத்துக்குக் காவல்துறையிடம் விண்ணப்பித்தேன். எந்த நிலத்தில், எந்தக் காரணத்துக்காகச் சுடப்போகிறேன் என்று விளக்கினேன். மருத்துவரின் தகவல், சான்றளிக்கும் இருவர், பூட்டக்கூடிய இரும்புப் பெட்டி எல்லாம் தேவைப்பட்டன. பொறுமை இருந்தால் கடந்துவிடலாம்.

உண்மையான கடினம் காட்டில்தான் தொடங்குகிறது. ஃபாலோ மான்கள் புள்ளியுள்ள பழுப்பு, வெளிர், கறுப்பு, வெள்ளை எனப் பல நிறங்களில் ஒரே கூட்டத்தில் நிற்கும். கொம்பில்லாதவை எல்லாம் பெண் அல்ல. முதல் குளிர்காலத்து ஆண்குட்டிக்கும் கொம்பு இருக்காது. வயிற்றின் அடியில் தொங்கும் மயிர்க்கற்றையைத் தொலைநோக்கியில் பார்த்துத்தான் ஆணைப் பிரித்தறிய வேண்டும். அதைவிட முக்கியமானது குட்டியின் நிலை. ஜூனில் பிறந்த குட்டி நவம்பரில் தானாகவே மேயும்; ஆனாலும் கடும் குளிரில் எங்கே ஒதுங்குவது, எங்கே தீனி கிடைக்கும் என்பதற்கெல்லாம் தாயையே நம்பியிருக்கும். ஆகவே தாயும் குட்டியும் சேர்ந்து நின்றால் குட்டியை முதலில் சுட வேண்டும், தாயை அடுத்துச் சுட வேண்டும். இரண்டும் முடியாது என்று தோன்றினால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த விதி, தாயிழந்த குட்டி பனியில் மெலிந்து சாவதைத் தடுக்கிறது. மனம் ஒப்பாதவர்கள் பெண்மான் வேட்டைக்கு வரவே வேண்டாம் என்று முதியவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

என் முதல் பெண்மான் ஒரு ஜனவரி மாலையில் கிடைத்தது. கூட்டத்தில் பல மான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதால் வெகுநேரம் விரலைத் துப்பாக்கியின் விசையில் வைக்கவே இல்லை. ஒரு மானைத் துளைத்துச் செல்லும் தோட்டா பின்னால் நிற்கும் மானைக் காயப்படுத்தக்கூடும். பின்புலத்தில் தோட்டாவை வாங்கிக்கொள்ளும் மண்மேடும் இருந்தாக வேண்டும். கடைசியில் குட்டியில்லாத ஒரு பெண்மான் விலகிவந்து, சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் குறிவைத்தேன். சிறிது தூரம் ஓடி விழுந்தது. உடனே எழுந்து போகாமல் காத்திருந்தோம்; பிறகு அது நின்ற இடத்தில் நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தத்தைக் கண்டதும், தோட்டா நுரையீரலைத் துளைத்தது உறுதியாயிற்று.

குடல் எடுக்கும் வேலையைத்தான் நான் அதிகம் அஞ்சினேன். கத்தியின் முனை குடலில் படாதவாறு இரண்டு விரல்களை அதன் இருபுறமும் வைத்து, தோலை உள்ளிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். குளிரில் விறைத்த விரல்களுக்கு உடலின் வெப்பம் இதமாக இருந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை. சிறுநீரகங்களைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு தடித்திருந்தது. நன்றாகத் தின்று வாழ்ந்த மான் என்பதற்கு அதுவே அடையாளம். கருப்பையில் குளம்புகள்வரை உருவாகியிருந்த ஒரு கரு இருந்தது. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாடையின் அடிப்பகுதி, தொண்டை, நுரையீரல், ஈரல், குடல் ஆகியவற்றை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தியும் அறுத்தும் பார்த்தோம். வீக்கமோ சீழோ தெரிந்தால் காசநோயாக இருக்கலாம். அந்த ஐயம் எழுந்தால் அரசுக் கால்நடை நலத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இந்த மானில் அப்படி எதுவும் இல்லை.

தலையையும் கால்களையும் நீக்கிய உடலைக் குளிரறையில் 7 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான வெப்பத்தில் சில நாட்கள் தொங்கவிட்டோம். அக்டோபரில் கூடல் பருவத்தில் உண்ணாமல் அலைந்து மெலிந்த ஆண்மானின் இறைச்சி கடும் வாடை வீசும். குளிர்காலப் பெண்மானின் இறைச்சி மென்மையானது, வாடையற்றது. ஆயினும் தசையில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், முதுகுத் தசையைச் சூடான வாணலியில் சட்டென்று வாட்டி எடுத்துவிட வேண்டும். கழுத்தையும் தோளையும் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிட வேண்டும். எலும்பைச் சாறாகக் காய்ச்சினேன். அந்த மானில் உண்ணத்தக்க எதையும் வீணாக்கவில்லை.

சுட்ட தேதி, இடம், எடை, பல்லின் தேய்மானத்தைக் கொண்டு கணித்த வயது, சினையா இல்லையா என்பதெல்லாம் காட்டின் பதிவேட்டில் ஏறின. வேலியிட்ட ஒரு சிறு துண்டு நிலத்தில் ஹேசல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வேலிக்கு வெளியே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, பதிவேட்டையும் பார்த்த பிறகே அடுத்த குளிர்காலத்தில் எத்தனை பெண்மான்களைக் குறைப்பது என்று முடிவு செய்கிறார்கள். ஃபாலோ கூட்டம் ஒரே காட்டில் தங்காமல் பக்கத்து நிலங்களுக்கும் போய்வருவதால், ஓர் உரிமையாளர் மட்டும் குறைத்துப் பயனில்லை. அடுத்த பருவத்துக்கு முன் எல்லையை ஒட்டிய பண்ணைக்காரர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதற்கான பேச்சு நடந்துவருகிறது.