சாயக்கூலியில் ஏறாத செலவு

திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதைப் பலரும் சுற்றுச்சூழல் வழக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது அடக்க விலைக் கணக்கின் தோல்வியாகவும் தெரிகிறது. நொய்யலில் கலந்த கழிவுநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிப் பாசன நிலங்களைப் பாழாக்கியபோதும், அந்தச் சேதத்தின் பெரும்பகுதி எந்தப் பட்டறையின் பேரேட்டிலும் செலவாக ஏறவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட சாயக்கூலி குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமான பிறகு, நீரை வடிகட்டும் சவ்வுகளை மாற்றும் செலவு, ஆவியாக்கிகளுக்கான எரிபொருள், மின்சாரம், எந்திரத் தேய்மானம் ஆகிய அனைத்தும் கூலிக்குள் வந்தாக வேண்டியதாயிற்று. மீட்கப்பட்ட நீரும் உப்பும் மீண்டும் சாயமேற்றப் பயன்படுவதால், அவற்றின் மதிப்பைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவரிடம் விலை பேசுவது நிர்வாகத்தின் வேலை, கணக்கரின் வேலையன்று.

லாபம் இருந்தும் கையில் பணமில்லாமல் முடங்கும் பட்டறைகள் வேறு வகை. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் தராதவர், தரும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் விதித்தது. நல்ல விதிதான்; ஆனால் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றோருக்கே அது பொருந்துவதால், பதிவு பெறாத பட்டறைகளுக்கு வேலை கைமாறிவிடுமோ என்ற அச்சத்தையும் அதுவே கிளப்பியது.