முன்கண்ணாடி பீடிங்குக்கு அடியில் இருந்த துரு

1972இல் ஹனோவர் தொழிற்சாலையில் தயாரான என் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன், லீட்ஸ் நகரில் வீட்டு முற்றத்தில் திறந்தவெளியில்தான் நிற்கிறது. மழை பெய்த மறுநாளெல்லாம் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பு நனைந்திருப்பதற்கு முன்கண்ணாடியின் பழைய ரப்பர் பீடிங்தான் காரணம் என்று முடிவுகட்டி, புதியதொன்றை வாங்கி, இரண்டு நாள் வேலை என்ற கணக்கில் தொடங்கினேன். வெளியே தெரிந்தவை, கண்ணாடியின் கீழ் மூலையில் மிளகளவில் இரண்டு பெயின்ட் கொப்புளங்கள் மட்டுமே. இரும்பைவிட அதன் துரு கூடுதல் இடத்தை அடைப்பதால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது என்பது தெரிந்திருந்தும், அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வேனில் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டதன்று. தகட்டின் விளிம்பை ரப்பர் கவ்விக்கொள்ள, அந்த ரப்பரின் உள்காடியில் கண்ணாடி அமர்ந்திருக்கும். ரப்பர் இறுகி வெடித்துவிட்டால், உள்ளே புகும் நீர் கீழ் மூலைகளுக்கு இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்குகிறது. பீடிங்கின் வெளி இதழைக் கத்தியால் அறுத்துக் கண்ணாடியை எடுத்தபோது, மேல் விளிம்பில் பழைய பெயின்ட் பளபளப்பாகவே இருக்க, கீழ் மூலையிலிருந்து ஒரு பிடி பழுப்புத் தூள் டாஷ்போர்டின் மேல் கொட்டியது.

அடுத்து, துணி சுற்றிய சிறு காந்தத்தை, முன்கண்ணாடியின் பக்கவாட்டில் கூரையைத் தாங்கும் தூணின் அடியில் வைத்தேன். அது நிற்காமல் வழுக்கி விழுந்தது. சுரண்டிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பள்ளம் நிரப்பும் பட்டிப் பூச்சு, அதற்கு அடியில் கம்பிவலை, அதற்கும் அடியில் தொட்டால் செதில் செதிலாக உதிரும் தகடு. முன்பு யாரோ துருவை வெட்டி எடுக்காமலேயே மூடி, மேலே மிக நேர்த்தியாக பெயின்ட் அடித்திருக்கிறார். அந்த நேர்த்தியில் பாதியைத் தகட்டு வேலையில் காட்டியிருக்கலாம்.

நல்ல தகடு தென்படும் வரை வெட்டியதில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெளித்தகடும் அதன் பின்னிருந்த உள்தகடும் போயின. 1 மி.மீ. தகட்டில் விளிம்பை மடித்துப் பொருத்தி, முதல் மூலையில் அவசரப்பட்டு ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்தபோது, சூட்டில் விளிம்பு அலையலையாக நெளிந்துவிட்டதால் அதை வெட்டி எறிய நேர்ந்தது. மறுமுறை, இந்த முனையில் ஒரு புள்ளி, சூடு தணிந்தபின் எதிர்முனையில் ஒரு புள்ளி என்று வைத்துச் சென்றதில் ஒரு மூலைக்கே முழுநாள் பிடித்தது. பெயின்ட் அடிக்கும் முன் கண்ணாடியைப் பீடிங்கோடு வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று: வலது மூலையில் 4 மி.மீ. இடைவெளி இருந்தது, சுத்தியலாலேயே அதைச் சரிசெய்ய முடிந்தது.

பிரைமரும் பெயின்ட்டும் நன்றாகக் காய்ந்தபின், பீடிங்கின் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புநீர் தடவி, நண்பர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, நான் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் இதழ் விளிம்பின் மேல் ஏறி அமர்ந்தது. பிறகு குழாய்நீரை அரைமணி நேரம் அடித்துப் பார்த்தோம். கண்ணாடியைச் சுற்றி ஒரு துளியும் இறங்கவில்லை. ஆனால், வைப்பர் தண்டு வெளிவரும் துளையின் வாஷர் வழியே நீர் சொட்டி, தரைவிரிப்பு பழையபடி நனைந்துகொண்டிருந்தது.