மேக்கும் விண்டோஸும் ஒரே வைஃபைல இருந்தும் ஃபைல் போகலையா?

ரெண்டு நாளா இதுலயே உக்காந்திருந்தேன், ஒரு வழியா நேத்து ராத்திரி சரியாச்சு, மறந்து போறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன். என்கிட்ட இருக்கறது விண்டோஸ் 11 டெஸ்க்டாப், தங்கச்சிகிட்ட மேக்புக். அம்மா அப்பாவோட பழைய ஆல்பம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி என் டெஸ்க்டாப்புல வெச்சிருக்கேன், கிட்டத்தட்ட 60 ஜிபி, அவ அதை மேக்ல இருந்தே தெறந்து கலர் சரி பண்ணி திரும்ப அதே ஃபோல்டர்ல சேவ் பண்ணணும், அவ்வளவுதான் வேலை. பென்டிரைவ்ல போட்டுக் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. ஒரு தடவைன்னா சரி, தினமும் போய் வர்ற வேலைக்கு அது ஒத்து வராது, எது புது காப்பி எது பழைய காப்பின்னு ரெண்டாவது நாளே குழம்பிடும்.

முதல் நாள் முழுசா எங்க போச்சுன்னா, மேக்ல ஃபைல் பாக்கற ஃபைண்டர்ல இடது பக்கம் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்குல்ல, அதை கிளிக் பண்ணா என் கம்ப்யூட்டர் பேரே வரல. சரி, நெட்வொர்க் டிஸ்கவரி ஆஃப்ல இருக்கு போலன்னு ஆன் பண்ணேன், ரீஸ்டார்ட் பண்ணேன், ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வொர்க்குரூப் பேரை ரெண்டுலயும் ஒண்ணா வெச்சேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, லிஸ்ட்ல பேர் தெரியறது வேற, கனெக்ட் ஆகறது வேற. மேக் "நான் இங்க இருக்கேன்"னு சொல்றது போன்ஜூர்ங்கற முறைல, இப்ப இருக்கற விண்டோஸ் மெஷின்கள் ஒண்ணையொண்ணு தேடறது டபிள்யூஎஸ் டிஸ்கவரிங்கற வேற முறைல. முன்னாடி எல்லாம் நெட்பயாஸ்னு ஒரு பழைய ஏற்பாடு இருந்துச்சு, பக்கத்து மெஷின் எல்லாம் லிஸ்ட்ல வந்ததுக்கு அதுவும் அதோட சேந்த எஸ்எம்பி 1-உம் (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற எஸ்எம்பி முறையோட பழைய வடிவம்) தான் காரணம், 2017 கடைசில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து புதுசா போடற விண்டோஸ்ல எஸ்எம்பி 1 இல்லாமலேதான் வருது. அதனால லிஸ்ட்ல பேர் வரலைன்னா ஷேரிங் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமே இல்ல. வொர்க்குரூப் பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது எப்படி இருந்தாலும் கனெக்ட் ஆகும்.

லிஸ்ட்டை விட்டுட்டு நேரா ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற நம்பர்) போட்டுப் போங்க. மேக்ல ஃபைண்டரை தெறந்து கமாண்டும் கே-யும் சேத்து அழுத்துனா கனெக்ட் டு சர்வர் பெட்டி வரும், அதுல எஸ்எம்பின்னு மூணு எழுத்து, கோலன், ரெண்டு ஸ்லாஷ், அப்புறம் விண்டோஸ் மெஷினோட ஐபி. விண்டோஸ்ல இருந்து மேக்குக்குப் போகணும்னா எக்ஸ்ப்ளோரர் அட்ரஸ் பார்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு மேக்கோட ஐபி. இது வேலை செஞ்சா உங்க பிரச்சினை வெறும் பேர் தேடற பிரச்சினை, அதுக்கு மேல தோண்டவே வேண்டாம், புக்மார்க் பண்ணிட்டு வேலையைப் பாருங்க.

எனக்கு அதுவும் வேலை செய்யல. இங்கதான் நான் பிங் (எதிர் மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்கற கமாண்ட்) போட்டுப் பாத்தேன், பதில் வரல, அப்போ நெட்வொர்க்கே இல்லன்னு முடிவு பண்ணி மறுபடி ரௌட்டர் பக்கம் போயிட்டேன், அது தப்பு. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு பதில் சொல்லாம இருக்கறது சகஜம், பிங் வரலைங்கறதுக்காக ஷேரிங் வராதுன்னு இல்ல, பிங் வந்துட்டா ஷேரிங் வந்துடும்னும் இல்ல. பாக்க வேண்டியது 445-ங்கற போர்ட், அதாவது மெஷினுக்குள்ள போற நம்பர் போட்ட வாசல், தெறந்திருக்கான்னு. இன்னிக்கு இருக்கற எஸ்எம்பி வீட்டு நெட்வொர்க்ல சாதாரணமா அந்த ஒரு டிசிபி போர்ட்லதான் ஓடுது. மேக் டெர்மினல்ல என்சி கமாண்ட்டுல ஐபியும் 445-உம் குடுத்தா சொல்லிடும், விண்டோஸ் பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்ட்டுல அதையே கேக்கலாம். எனக்கு 445 மூடியிருந்துச்சு, காரணம் என் வைஃபையை விண்டோஸ் பப்ளிக் நெட்வொர்க்னு குறிச்சு வெச்சிருந்துச்சு. புதுசா சேர்ற நெட்வொர்க்கை அது பப்ளிக்னுதான் எடுத்துக்கும், அது பாதுகாப்புக்கு நல்லதுதான், முன்ன பின்ன தெரியாத வைஃபைல உங்க ஃபோல்டர் யாருக்கும் தெரியக் கூடாதுல்ல. செட்டிங்ஸ்ல அந்த வைஃபையோட ப்ராப்பர்டீஸ் போய் பிரைவேட்னு மாத்தி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன் பண்ணதும் போர்ட் தெறந்துடுச்சு.

அப்படியும் தெறக்கலைன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, ரெண்டு மெஷின்ல ஏதாவது ஒண்ணு கெஸ்ட் வைஃபைல இருக்கும், பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால கண்ணுக்குப் படாது, கெஸ்ட் வைஃபைல இருக்கற மெஷின் மத்த மெஷினோட பேச முடியாதபடிதான் பெரும்பாலான ரௌட்டர்ல வெச்சிருப்பாங்க. இன்னொண்ணு விபிஎன், ஆபீஸ் வேலைக்குப் போட்டது அப்படியே ஆன்ல இருக்கும், அது நெட் போக்குவரத்தை வேற வழியா திருப்பிடும். ஐபி 169.254-ன்னு ஆரம்பிச்சா அந்த மெஷினுக்கு ரௌட்டர்கிட்ட இருந்து அட்ரஸே கெடைக்கலைன்னு அர்த்தம், முதல்ல அதை சரி பண்ணுங்க.

இப்ப பாஸ்வேர்ட். என்னோட ரெண்டாவது நாள் முழுக்க இதுலதான் போச்சு, நெறைய பேர் மாட்டிக்கறதும் இங்கதான்னு நினைக்கறேன். மேக் யூசர்நேம் பாஸ்வேர்ட் கேட்டுச்சு, நான் தினமும் விண்டோஸ்ல போடற நாலு நம்பர் பின்னை போட்டேன், ஏத்துக்கல. ஏத்துக்கவே ஏத்துக்காது. அந்த பின் அந்த ஒரு மெஷினுக்கு முன்னாடி உக்காந்து லாகின் பண்றதுக்கு மட்டும், நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்றவங்கன்னா யூசர்நேமா முழு ஈமெயிலும் அந்த அக்கவுண்டோட நெஜ பாஸ்வேர்டும் குடுக்கணும். யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க ஈமெயிலோட முதல் அஞ்சு எழுத்துல ஒரு பேர் இருக்கும் பாருங்க, அதைப் பாத்துட்டு அதுதான் யூசர்நேம்னு நம்பி ஒரு மணி நேரம் போட்டுட்டே இருந்தேன். முழு ஈமெயில் போட்டும் எனக்கு நடக்கல, ஏன்னா அந்த மெஷின்ல ஆரம்பத்துல இருந்தே பின்னும் விரல் ரேகையும்தான், பாஸ்வேர்ட் போட்டு ஒரு தடவை கூட உள்ள போனதில்ல, அப்படி இருந்தா ஒப்பிட்டுப் பாக்க அந்த மெஷின்கிட்ட பாஸ்வேர்டே இருக்காது.

கடைசில நான் பண்ணதும் உங்களுக்கு நான் சொல்றதும் ஒண்ணுதான், ஷேரிங்குக்குன்னே தனியா ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டுடுங்க. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாத யூசர்னு ஒண்ணு சேருங்க, சின்ன பேரா இங்கிலீஷ்ல வைங்க, பாஸ்வேர்ட் கண்டிப்பா வைங்க. வீட்டுக்குள்ளதானேன்னு பாஸ்வேர்டை காலியா விட்டீங்கன்னா நெட்வொர்க் வழியா உள்ள விடாது, காலி பாஸ்வேர்ட் அக்கவுண்ட் நேர்ல உக்காந்து லாகின் பண்ண மட்டும்தான்னு விண்டோஸ்ல ஒரு விதி இருக்கு. தனி அக்கவுண்ட்ல இன்னொரு நிம்மதி என்னன்னா, என் ஈமெயில் பாஸ்வேர்டை தங்கச்சியோட மேக்ல சேத்து வைக்க வேண்டியதில்ல, அந்த அக்கவுண்டுக்கு அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் தெரிஞ்சா போதும்.

எல்லாம் சரியா குடுத்தும் உள்ள விடலைன்னா பழைய பாஸ்வேர்ட் எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க. மேக்ல கீசெயின்ல, விண்டோஸ்ல கிரெடென்ஷியல் மேனேஜர்ல, முன்னாடி தப்பா போட்டு "ஞாபகம் வெச்சுக்கோ"ன்னு டிக் பண்ணது அப்படியே இருக்கும், ஒவ்வொரு தடவையும் நம்மகிட்ட கேக்காமலே அதையே குடுத்துட்டிருக்கும். விண்டோஸ்ல இருந்து போகும்போது 1219-னு எரர் வந்தா, அதே மெஷினுக்கு ஏற்கனவே வேற யூசர்நேம்ல ஒரு கனெக்ஷன் இருக்குன்னு சொல்லுது, அதை கட் பண்ணிட்டு திரும்பப் போங்க, ரீஸ்டார்ட் பண்ணாலும் போயிடும்.

உள்ள போயாச்சு, ஃபோட்டோ எல்லாம் தெரியுது, தங்கச்சிக்கு சந்தோஷம், ஒரு படத்தை சரி பண்ணி சேவ் போட்டா "அக்கா, பர்மிஷன் இல்லன்னு வருது"ன்னா. இதுக்குக் காரணம் விண்டோஸ்ல ரெண்டு இடத்துல பர்மிஷன் இருக்கு, ஷேரிங் டேப்ல ஒண்ணு, செக்யூரிட்டி டேப்ல ஒண்ணு, ரெண்டுல எது கம்மியோ அதுதான் செல்லும். அட்வான்ஸ்டு ஷேரிங்ல ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணா எவ்ரிஒன், ரீட் மட்டும்னுதான் வரும், செக்யூரிட்டி டேப்ல என்ன வாரிக் குடுத்தாலும் இங்க ரீட்னு இருந்தா படிக்க மட்டும்தான் முடியும். நான் எவ்ரிஒன்னை எடுத்துட்டு புது அக்கவுண்டை ரெண்டு டேப்லயும் சேத்து எழுதற உரிமை குடுத்தேன், உடனே சேவ் ஆச்சு.

எதிர்ப்பக்கம், அதாவது மேக்ல இருக்கற ஃபோல்டரை விண்டோஸ்ல பாக்கணும்னா, சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், ஃபைல் ஷேரிங் ஆன் பண்ணா மட்டும் போதாது. பக்கத்துல இருக்கற சின்ன ஐ பட்டனை அழுத்தி, ஆப்ஷன்ஸ் உள்ள போனா கீழ விண்டோஸ் ஃபைல் ஷேரிங்னு ஒரு பகுதி இருக்கும், அதுல உங்க அக்கவுண்ட் பேருக்குப் பக்கத்துல டிக் போடணும், டிக் போடும்போது பாஸ்வேர்ட் கேக்கும். இந்த டிக் இல்லன்னா விண்டோஸ்ல எத்தனை தடவை சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் தப்புன்னே சொல்லும், எங்கேயும் இந்த டிக் பத்தி ஒரு வார்த்தை வராது. இந்த ஒரு வரிக்காக மட்டுமே இந்த போஸ்ட்டை எழுதலாம்னு தோணுச்சு. அந்த டிக் போட்டா பாஸ்வேர்டை கொஞ்சம் பாதுகாப்பு கம்மியான விதத்துல சேத்து வைக்கும்னு மேக்கே சொல்லுது, அதனால அங்கயும் ஷேரிங்குக்குன்னு தனி யூசர் இருந்தா நல்லது.

தேடும்போது பழைய யோசனைகள் நெறைய கண்ணுல படும், அதுல ரெண்டை நம்பாதீங்க. ஒண்ணு, மேக்ல ஏஎஃப்பி ஆன் பண்ணுங்கங்கறது. ஏஎஃப்பி ஆப்பிளோட சொந்த முறை, எஸ்எம்பி 1983ல ஐபிஎம்ல பேரி ஃபைகன்பாம் ஆரம்பிச்சு அப்புறம் மைக்ரோசாஃப்ட் வளத்தது, ரெண்டும் ரொம்ப காலம் தனித்தனியா ஓடுச்சு, 2013ல மேக்கோட மேவரிக்ஸ் வெர்ஷன் வந்தப்போ ஆப்பிளே எஸ்எம்பி 2-ஐ முதல் வழியா ஆக்கிடுச்சு, 2020ல வந்த பிக் சர் வெர்ஷன்ல இருந்து மேக்கால ஏஎஃப்பில ஃபோல்டர் ஷேர் பண்ணவே முடியாது. இன்னொண்ணு, எஸ்எம்பி 1-ஐ திரும்ப ஆன் பண்ணுங்கங்கறது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க பரவுனது விண்டோஸோட எஸ்எம்பி 1-ல இருந்த ஓட்டை வழியாதான், அதை அடைக்கற அப்டேட் மார்ச்சுலயே வந்திருந்தும் போடாத மெஷின்கள்தான் மாட்டுச்சு. எஸ்எம்பி 1 மட்டுமே தெரிஞ்ச பழைய நெட்வொர்க் டிஸ்க் இருந்தா அதுக்கு அப்டேட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா உள்ள இருக்கறதை வேற இடத்துக்கு மாத்திடுங்க. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரும் இதே கதைதான், விண்டோஸ் 11-ஓட 24எச்2 அப்டேட்ல இருந்து, ஹோம் எடிஷன் தவிர மத்ததுல, எஸ்எம்பில போறப்போ டிஜிட்டல் கையெழுத்து (அனுப்புனது யாருன்னு சரிபாக்கற முத்திரை) கட்டாயம், கெஸ்ட்டால அந்தக் கையெழுத்தைப் போட முடியாது, நேத்து வரைக்கும் ஓடிட்டிருந்த கெஸ்ட் ஷேர் அப்டேட்டுக்கப்புறம் நின்னுச்சுன்னா முதல்ல இதை சந்தேகப்படுங்க.

ஸ்பீடு பத்தி ஒண்ணு. வைஃபைல 60 ஜிபியும் போக ஒரு ராத்திரி ஆகும் போல இருந்துச்சு, ரெண்டையும் ரௌட்டர்ல கேபிள்ல சொருகுனேன், கிகாபிட் கேபிள்ல செகண்டுக்கு 110 எம்பி பக்கம் வரும், ஸ்கேன் ஃபைல் எல்லாம் பெருசு பெருசாங்கறதால பத்து பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. பெரிய காப்பி முதல் தடவை மட்டும் கேபிள்ல, அப்புறம் வைஃபை போதும். டெஸ்க்டாப் தூங்கிடாம பவர் செட்டிங்ஸ் மாத்திக்கோங்க, பாதி சேவ்ல அது தூங்குனா ஃபைல் கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

கடைசியா ஃபைல் பேர். விண்டோஸ்ல ஸ்லாஷ், கோலன், கேள்விக்குறி, ஸ்டார், டபுள் கோட்ஸ் இதெல்லாம் பேர்ல வரக் கூடாது, மேக்ல தேதி போடறப்போ 12/5-னு ஸ்லாஷ் போட்டு பேர் வைக்க முடியும், அது என் பக்கம் ஏதோ கட்டம் கட்டமா தெரிஞ்சுது. ஹைஃபன் போட்டுக்கன்னு சொல்லிட்டேன், முடிஞ்சுது.

ஆனா தமிழ்ல பேர் வைக்கறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு, இதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாக்கல. "கோ"ங்கற எழுத்துல வர்ற உயிர்க்குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், ஓகாரக் குறியை ஒரே குறியா வைக்கலாம், இல்லன்னா இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியா ரெண்டு குறியா வைக்கலாம். கொ, கௌவுக்கும் இப்படித்தான். திரைல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேற வேற. மேக்ல 2017க்கு முன்னாடி இருந்த எச்எஃப்எஸ் பிளஸ்ங்கற பழைய முறைல ஃபார்மேட் பண்ண டிஸ்க் பேரைப் பிரிச்சு வெச்சுதான் எழுதும், விண்டோஸ் நாம டைப் பண்ணபடியே வெச்சுக்கும், அதனால தங்கச்சி பழைய வெளி டிஸ்க்ல இருந்து ஜிப் பண்ணிக் குடுத்ததை நான் விரிச்சப்போ "கோயில்"னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்து பக்கத்துல நின்னுச்சு, ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் எப்படி வரும்னு ரொம்ப நேரம் புரியல. தேடுனா ஒண்ணு மட்டும்தான் கெடைக்குது. ஒண்ணோட பேரை முழுசா அழிச்சுட்டு விண்டோஸ்ல புதுசா டைப் பண்ணாதான் "ஏற்கனவே இருக்கு, சேக்கட்டுமா"ன்னு கேக்கும், அப்ப சேத்துடலாம்.

அந்த மாதிரி எட்டு ஃபோல்டர் எண்ணி வெச்சிருக்கேன், கோயில், கொலு, தோட்டம் எல்லாம் அதுல இருக்கு. இன்னிக்கு சாயந்திரம் அதைத்தான் சேக்கப் போறேன், அதுக்கு முன்னாடி ரௌட்டர்ல டெஸ்க்டாப்புக்கு ஐபியை நிரந்தரமா ஒதுக்கணும், இல்லன்னா நாளைக்கு நம்பர் மாறி அவ புக்மார்க் வேலை செய்யாது.